மூன்று குண்ட்டாவும் என் பெயரும்

ஞாயிற்றுக்கிழமை நீ மேசைமேல் வைத்துவிட்டுப் போன பேனா இங்கேயே கிடக்கிறது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் மஞ்சள் துண்டுகளை ஒட்டி, "மெதுவா படிச்சுட்டுப் போடும்மா, அவசரமில்ல" என்று சொல்லி, பேனாவையும் மறக்காமல் வைத்துவிட்டுப் போனாய். மை நன்றாக இறங்குகிறது. இந்தக் கடிதத்தை அதில்தான் எழுதுகிறேன். நீ கொண்டுவந்த பில்டர் காகிதங்களில் நான் கையெழுத்துப் போடவில்லை, போடப்போவதும் இல்லை. நீ கடைசிப் பக்கம்வரை தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்று இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்று தெரிய வேண்டுமானால் மீதியைப் படி.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நானும் வழக்கம்போல "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிடுவேன். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம் என்றுகூடச் சொல்லலாம். மகாராஷ்டிராவில் வளர்ந்தவன் நீ, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்பது எனக்குத் தெரியும். கட்கி சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்றது, அதற்குமேல் நீயும் படிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஆங்கிலத்தில் வந்தால் ஒரு பார்வையில் மேலிருந்து கீழே ஓட்டிவிடுவாய், உன் ஆபீஸ் மெயில் மாதிரி. இதை அப்படி ஓட்ட முடியாது. ஒரு வரிக்கு ஒரு நிமிடம் ஆகட்டும். பத்திரங்களையும் அப்படித்தான் படிக்க வேண்டும் என்பது நான் உனக்குச் சொல்லித் தராத பாடங்களில் ஒன்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் அழுதுகொண்டே எழுதுவதாக நினைத்துக்கொள்ளாதே. உன் அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து எனக்கு எதுவும் பெரிதாகப் படவில்லை. பசிக்கிறது, சாப்பிடுகிறேன். யாராவது சிரித்தால் சிரிக்கிறேன். கால் மரத்துப்போனால் தரையில் வைத்திருப்பது தெரியாது, ஆனாலும் நடந்துவிடலாம் இல்லையா, அப்படி நடந்துகொண்டிருக்கிறேன். ஆகவே இது மனம் உருகி எடுத்த முடிவும் இல்லை, திடீரென்று நல்லவளாகிவிட்டதும் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது.

நம் வீடு இருக்கும் இந்த இடம் எப்படி வாங்கப்பட்டது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அப்பாவும் ஏசுதாஸ் அண்ணனும் கன்னியப்பன் அண்ணனும் வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். மூவருக்கும் கட்கியில் குவார்ட்டர்ஸ். ரிடையர் ஆனால் அடுத்த மாதமே காலி செய்ய வேண்டும் என்ற பயம் மூவருக்கும் இருந்தது. போசரிக்குப் பின்னால் ஒரு விவசாயி மூன்று குண்ட்டா விற்கிறார் என்று கேள்விப்பட்டு, ஆளுக்கு ஒரு குண்ட்டா, அதாவது ஆயிரத்துச் சொச்சம் சதுர அடி, என்று சேர்ந்து வாங்க முடிவு செய்தார்கள். மூவரும் சமமாகப் போட்ட பணம். பத்திர எழுத்தரிடம் போனபோது அவர் மூன்றாகப் பிரித்துப் பதிய முடியாது, இவ்வளவு சின்னத் துண்டுக்குச் சட்டம் இடம் கொடுக்காது, யாராவது ஒருவர் பேரில் மொத்தமாகப் போடுங்கள் என்றார். ஆண்கள் பேரில் போட்டால் தொழிற்சாலை ஆபீஸில் தெரிவிக்க வேண்டும், பாரம் நிரப்ப வேண்டும், எங்கிருந்து பணம் வந்தது என்று பதில் சொல்ல வேண்டும். அதற்கு மூவரும் பயந்தார்கள். மனைவிகளில் ஏசுதாஸ் அண்ணன் வீட்டு ஸ்டெல்லா அக்காவுக்கும் கன்னியப்பன் அண்ணன் வீட்டு செல்வி அக்காவுக்கும் கைநாட்டுதான். நான் மராத்திப் பள்ளியில் படித்தவள், பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். "கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்க பேர்லயே இருக்கட்டும்" என்று கன்னியப்பன் அண்ணன்தான் சொன்னார். எல்லோரும் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள்.

பதிவு அலுவலகத்தில் நான் எட்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் அந்த இரண்டு அக்காக்களும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள். வெளியே வந்து எல்லோரும் வடாபாவ் சாப்பிட்டோம். அதன் பிறகு நம் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து அப்பா ஒரு தாளில் தமிழில் எழுதினார். இடம் மூவருக்கும் சமம் என்று. அதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி மூன்று ஆண்களும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் நானும் போட்டேன். அந்தத் தாளோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நாங்கள் ஆறு பேரும் நினைத்தோம். மகாராஷ்டிராவில், மராத்தி ஆபீஸில் நடக்கும் காரியத்துக்குத் தமிழில் ஒரு தாள் எழுதி, அதையும் பதியாமல், எங்களுக்குள் மடித்து வைத்துக்கொண்டோம். இந்த ஊரில் எந்த ஆபீஸில் காட்டினாலும் அதைப் படிக்க ஒருத்தர் கிடையாது. இதைப் போன்ற முட்டாள்தனத்தை நம் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

பிறகு மூன்று வீடுகள் எழுந்தன. நடுவில் நம்முடையது, இந்தப் பக்கம் ஸ்டெல்லா அக்கா வீடு, அந்தப் பக்கம் செல்வி அக்கா வீடு. கரண்ட் மீட்டர் மூன்றும் தனித்தனி. வீட்டு வரி மட்டும் மொத்தமாக என் பேரில் வரும். வருஷா வருஷம் மற்ற இருவரும் தங்கள் பங்கைக் கொண்டுவந்து என் கையில் தருவார்கள், நான் போய்க் கட்டி ரசீது வாங்குவேன். இங்கே ஒன்றைத் தெரிந்துகொள். வரி ரசீதில் பேர் இருப்பதால் வீடு நம்முடையதாகிவிடாது, கரண்ட் பில்லாலும் ஆகாது. வரி கட்டினால் வரி கட்டினோம் என்பதற்குத்தான் அது சான்று. சாத்பாரா என்று நீ கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு வந்தாயே, நம் ஊர்ப் பக்கம் பட்டா, சிட்டா என்பார்களே அந்த மாதிரியான தாள், அதில் பேர் ஏறியிருப்பதுகூடத் தனியாகப் போதாது. அந்தப் பேர் எந்தப் பத்திரத்தைப் பார்த்து ஏறியது என்று பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். பதிவான பத்திரம்தான் பேசும். நம் விஷயத்தில் வரி ரசீது, சாத்பாரா, பத்திரம் மூன்றும் என்னைத்தான் காட்டுகின்றன. அதனால்தான் நீ ஏமாந்தாய்.

இல்லை, நீ ஏமாந்ததற்குக் காரணம் காகிதம் இல்லை. நான்தான். உனக்கு எட்டு வயதிருக்கும். ஸ்டெல்லா அக்கா வரிப் பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நீ பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் போனதும், "ஸ்டெல்லா ஆண்ட்டி நம்ம வீட்லயா இருக்காங்க?" என்று கேட்டாய். நான் ஆமாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. விளக்கிச் சொல்லச் சோம்பல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது உண்மையில்லை. சொல்ல நன்றாக இருந்தது, அதுதான் உண்மை. அன்றிலிருந்து நீ அவர்களை நம் வீட்டில் குடியிருப்பவர்கள் என்றே நினைத்து வளர்ந்தாய். உன்னை நான் திருத்தவேயில்லை.

நன்றாக இருந்தது என்று எழுதிவிட்டேன், அதையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு அந்த இரண்டு வீட்டிலிருந்தும் முதல் தட்டு நமக்குத்தான் வரும். சுவரில் ஒரு ஜன்னல் வைக்க வேண்டுமானால் என்னிடம் வந்து, "வெச்சிக்கட்டுமா மா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதே இல்லை, இருந்தும் கேட்டார்கள். பள்ளிக்கூட ஆபீஸில் என்னை யாரும் எதற்கும் கேட்டதில்லை. ஹெட்மாஸ்டர் டீ கொண்டுவரச் சொல்வார். வீட்டுக்கு வந்தால் நான் மூன்று வீட்டுக்கு உரிமைக்காரி. அந்தப் பத்திரத்தை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, திரும்ப வைப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. பேராசை என்றுகூட அதைச் சொல்ல முடியாது. ஒரு அடி நிலம்கூட அவர்களிடமிருந்து எனக்கு வேண்டாம். அவர்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

இப்போது செல்வி அக்கா விஷயம். உனக்கு அவளை நினைவிருக்கும், உன்னைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டவள். கன்னியப்பன் அண்ணனுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. காட்பாடியில் மகள் வீட்டோடு போய்விடலாம், வீட்டை விற்றால் வைத்தியத்துக்கும் ஆகும் என்று முடிவு செய்தார்கள். வாங்க ஆள் வந்தான். அவன் கேட்ட முதல் கேள்வி பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்பது. செல்வி அக்கா என்னிடம் வந்தாள். எங்கள் பங்கை எங்கள் பேருக்கு எழுதிக் கொடு மா, ஆபீஸ் செலவு நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றாள். நான் சட்டம் இடம் கொடுக்காது என்றேன். அன்றைக்கு எழுத்தர் சொன்னதுதான், பொய்யில்லை. ஆனால் நான் போய்க் கேட்கவில்லை. வேறு வழி உண்டா, மூன்று பேரையும் சேர்த்து ஒரே பத்திரத்தில் போட முடியுமா, குறைந்தபட்சம் ஒரு வக்கீலிடம் எழுதி வாங்கிப் பதிய முடியுமா என்று எதையும் கேட்கவில்லை. காகிதத்தோடேயே வாழ்ந்தவள் நான். எந்த ஆபீஸில் எந்த ஜன்னலில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். "பார்க்கலாம் அக்கா" என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். இரண்டு வருஷம் அப்படியே சொன்னேன்.

அப்பா இரண்டு முறை பேச்செடுத்தார். "எழுதிக் குடுத்துடேன், அவன் மூச்சு விட முடியாம கெடக்கறான்" என்றார். அவரிடமும் பார்க்கலாம் என்றேன். அவர் கோபப்படத் தெரியாத மனிதர் என்பது உனக்கே தெரியும். மூன்றாவது முறை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன, பத்திரத்தில் அவர் பேர் இல்லையே. கடைசியில் அவர்கள் அந்த வீட்டை, இப்போது அங்கே இருக்கும் விட்டலுக்கு, நோட்டரி போட்ட ஒரு ஸ்டாம்ப் பேப்பரில் கொடுத்துவிட்டுப் போனார்கள். நோட்டரி முத்திரை என்றால், இந்த ஆள் என் முன்னால் கையெழுத்துப் போட்டான் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அதை வைத்து வீடு கைமாறிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதே. அப்படி வாங்குபவன் வீட்டுக்குரிய விலையைத் தரமாட்டான், விட்டலும் தரவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது, அவனுக்குக் கிடைத்ததும் அரைகுறைக் காகிதம்தான். போகிற அன்றைக்குக் காலையில் செல்வி அக்கா என் இட்லிப் பானையைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வாசலிலேயே நின்றாள். "நீ எழுதிக் குடுத்திருக்கலாம் மா. பரவால்ல" என்றாள். நான் பானையை வாங்கி உள்ளே வைத்தேன். அன்றும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மரத்துப்போனது அப்பா போன பிறகுதான் என்று மேலே எழுதியிருக்கிறேன். யோசித்தால் அது அதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது போலிருக்கிறது.

இனி ஞாயிற்றுக்கிழமை. நீ பைலைத் தரையில் பரப்பி உட்கார்ந்தாய். பத்திரம், சாத்பாரா, வரி ரசீதுகள் எல்லாவற்றையும் வலது பக்கம் அடுக்கினாய். பழைய ரேஷன் தாள், டிவி கேரண்டி அட்டை, பழைய பேப்பர் கடைக்குப் போட வேண்டியதை எல்லாம் இடது பக்கம் போட்டாய். மூன்று குண்ட்டாவும் என் பேரில் இருப்பதை நீ எனக்குச் சந்தோஷச் செய்தி மாதிரி சொன்னாய். பில்டர் நமக்கு இரண்டு பிளாட் தருவான், ஒன்றில் நான் இருக்கலாம், ஒன்று உனக்கு, ஹிஞ்சேவாடி வாடகை ஒழியும் என்றாய். இதில் எதுவும் தப்பான ஆசை இல்லை. பிறகு, "ஸ்டெல்லா ஆண்ட்டிக்கும் விட்டலுக்கும் ஷிப்டிங்குக்கு ஏதாவது குடுத்துடலாம்மா, பாவம்" என்றாய். பாவம் என்று நீ மனதாரத்தான் சொன்னாய். அந்த வீடு ஸ்டெல்லா அக்காவுடையது என்று உனக்கு யாரும் சொன்னதில்லையே. நான் பார்க்கலாம் என்றேன். நீ போன பிறகு இடது பக்கக் குவியலை அள்ளும்போது அதில் அப்பாவின் கையெழுத்து தெரிந்தது. அந்தத் தமிழ்த் தாள். ஸ்டாம்ப்போடு. நீ அதை ஏதோ பழைய கடிதம் என்று நினைத்திருப்பாய். அதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

"போசரி நிலம் மூன்று குண்ட்டாவும் மூன்று பேரும் சமமாகப் பணம் போட்டு வாங்கியது. பேர் ஒன்று, பங்கு மூன்று. யார் எப்போது கேட்டாலும் பேர்க்காரர் மறுக்காமல் அவரவர் பங்கை எழுதிக் கொடுக்க வேண்டியது. எங்களுக்குப் பின்னால் எங்கள் பிள்ளைகளும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள்."

கீழே மூன்று கையெழுத்து. நான்காவதாக, பேர்க்காரர் என்று எழுதி அதன் பக்கத்தில் என்னுடையது. அழகான கையெழுத்து, இப்போது எனக்கு அப்படி வராது.

அதைப் பார்த்தும் நான் ஒன்றும் செய்யவில்லை. எடுத்து பைபிளுக்குள் வைத்துவிட்டுச் சோறு வடித்தேன். திங்கட்கிழமை ஸ்டெல்லா அக்கா வந்தாள். ஏசுதாஸ் அண்ணன் போனதிலிருந்து அவள் தனியாகத்தான் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். முட்டி வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இந்த வருஷத்து வரிப் பங்கைக் கைக்குட்டையிலிருந்து எடுத்து மேசைமேல், உன் மஞ்சள் துண்டு ஒட்டிய காகிதங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். டீ கொடுத்தேன். குடித்து முடித்த பிறகு, பில்டர் ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போனார்களே, எங்கள் வீட்டையும் சேர்த்தா என்று கேட்டாள். நான் காலி டம்ளரைக் கையில் எடுத்தேன். அவள், "சேத்துன்னா சேத்து. நான் எங்க போவணும்னு மட்டும் முன்னாடியே சொல்லிடு மா. சாமான் கட்டணும், எனக்கு டைம் ஆவும்" என்றாள்.

அவள் சண்டை போடவில்லை. அந்தத் தாளைப் பற்றியும் கேட்கவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அப்படி ஒரு தாள் இருக்கிறது என்று தெரியும், எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். முப்பது வருஷம் வரிப் பங்கு கொடுத்து, எழுபது வயதுக்குப் பக்கத்தில், தன் வீட்டிலிருந்து எங்கே போக வேண்டும் என்று என்னிடம் கேட்கிறாள். சாமான் கட்ட நேரம் கேட்கிறாள். எனக்கு அப்போதும் கண்ணில் தண்ணீர் வரவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். "நீ எங்கயும் போக வேணாம் அக்கா" என்றேன். என் வாயில் பார்க்கலாம் வராமல் வேறொன்று வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வக்கீலைப் பார்த்தேன். போசரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் ஒரு மராத்திப் பெண், உன்னைவிடச் சின்னவள். எல்லாவற்றையும் படித்துவிட்டு, மாவ்ஷி என்று சின்னம்மா முறை வைத்து என்னைக் கூப்பிட்டு, உங்களை யாரும் கேட்க முடியாது, இந்தத் தமிழ்க் காகிதம் கோர்ட்டில் நிற்பதே சந்தேகம், நீங்களாக ஏன் எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். அதில் என் கையெழுத்து இருக்கிறது என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. சின்னத் துண்டு நிலத்தைப் பதிவதற்கு இருந்த தடையை இப்போது நகரத்துக்குள் தளர்த்தியிருக்கிறார்களாம், ஒவ்வொரு குண்ட்டாவாகத் தனித்தனியே எழுதலாம் என்றாள். தானப் பத்திரமாக எழுதட்டுமா, கிரயமாகவா என்று கேட்டாள். தானம் என்ற சொல் வேண்டாம் என்றேன். அவர்களுடையதை அவர்களிடம் கொடுத்துவிட்டு அதற்குத் தானம் என்று பேர் வைத்துக்கொள்ள எனக்கு முகமில்லை. கிரயமாகவே எழுதச் சொன்னேன். வாங்க வேண்டியதை எப்போதோ வாங்கியாகிவிட்டது. அதை எப்படி எழுத வேண்டுமோ அவள் எழுதிக்கொள்வாள். ஒன்று ஸ்டெல்லா அக்காவுக்கு, ஒன்று விட்டலுக்கு. இரண்டு வரைவையும் மராத்தியில் ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து படித்தேன். நான்கு எல்லைகளும் சரியாக இருக்கிறதா, பாதை யாருக்கு, கிணற்றுப் பக்கச் சுவர் யாருக்கு என்று பார்த்தேன். நீயும் என்றைக்காவது பிளாட் வாங்கும்போது விலை எழுதிய பக்கத்தை மட்டும் பார்க்காதே. எல்லைகள் எழுதிய பக்கத்தைப் பார். பின்னாளில் சண்டை அங்கேதான் வரும்.

இன்று காலையில் காட்பாடிக்குப் போன் போட்டேன். நம்பரை ஸ்டெல்லா அக்காதான் வைத்திருந்தாள். செல்வி அக்காவே எடுத்தாள். கன்னியப்பன் அண்ணன் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, அது நமக்குத் தெரிந்ததுதான். நான் விஷயத்தைச் சொன்னேன். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டாள், விட்டலுக்கு என்றேன். பிறகு, "எழுதிக் குடு மா. இருக்கறவன் கிட்டதானே குடுக்கணும். அந்தக் கருவேப்பிலச் செடிய வெச்சிருக்கானா, புடுங்கிட்டானா?" என்று கேட்டாள். இருக்கிறது, கூரைக்கு மேலே போய்விட்டது என்றேன். உன்னைப் பற்றி விசாரித்தாள், மருமகள் தமிழ் பேசுவாளா என்று கேட்டாள். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போன் போட்டேன். கேட்கவில்லை. அவள் திட்டியிருந்தால் கேட்டிருப்பேன். இதை உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன். விட்டலுக்கு எழுதிக் கொடுப்பதால் செல்வி அக்காவுக்கு நான் செய்தது நேராகாது. பத்திரத்தை இன்றைக்குத் திருத்தலாம். அந்த இரண்டு வருஷத்தில் கன்னியப்பன் அண்ணனுக்குக் கிடைக்காமல் போன வைத்தியத்தை எந்த ஆபீஸிலும் பதிய முடியாது.

உனக்கு என்ன மிஞ்சும் என்று நீ கேட்க மாட்டாய், கூச்சப்படுவாய், ஆனால் நினைப்பாய். நினைப்பதில் தப்பில்லை. உனக்கு ஒரு குண்ட்டாவும் அதன்மேல் இந்த வீடும் மிஞ்சும். அது முழுக்க முழுக்க நம்முடையது, யாருடைய பங்கும் அதில் இல்லை. என் உயிலையும் வக்கீலிடம் எழுதச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பின்னால் இறப்புச் சான்றிதழோடு தலாட்டி ஆபீஸுக்கு, நம் ஊர்ப் பக்கம் வி.ஏ.ஓ. ஆபீஸ் என்பார்களே, அங்கே போய் உன் பேரை சாத்பாராவில் ஏற்றிவிடு, தள்ளிப் போடாதே. பேங்கில் என் கணக்குக்கு உன்னை நாமினியாகப் போட்டிருக்கிறேன். நாமினி என்றால் வாங்கி வைத்துக்கொள்ளும் ஆள், அவ்வளவுதான், அது உரிமை இல்லை என்று அந்தப் பெண் சொன்னாள். கேட்டதும் எனக்கு என்னைப் பற்றிச் சொல்வது போலிருந்தது. நானும் இத்தனை வருஷம் வாங்கி வைத்துக்கொண்டவள்தான். உரிமைக்காரி என்று நானே நினைத்துக்கொண்டேன், உன்னையும் நினைக்க வைத்தேன். பில்டரோடு நீ பேச வேண்டுமானால் பேசு. இனிமேல் மூன்று பேரிடம் பேச வேண்டியிருக்கும். ஸ்டெல்லா அக்கா சரி என்று சொன்னால் அவளுக்கும் அதில் ஒரு பிளாட் உண்டு, கீழ்த்தளத்தில், முட்டிக்கு ஆகும்படி.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். என்னிடம் வந்து கத்து, நான் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வலிக்குமா என்று யோசித்துத் தயங்காதே, இப்போதைக்கு எதுவும் அவ்வளவாக வலிப்பதில்லை. ஒரு வேளை நீ கத்தினால் வலிக்கலாம், அதுவும் நல்லதுதான். ஸ்டெல்லா ஆண்ட்டி முகத்தில் மட்டும் கோபத்தைக் காட்டாதே. அவளுக்கு நீ எட்டு வயதில் என்னிடம் கேட்டதும் நான் சொன்ன பதிலும் தெரியாது. தெரிய வேண்டாம்.

இந்தக் கடிதத்தை விட்டலிடம் கொடுத்து அனுப்புகிறேன். தினமும் ஹிஞ்சேவாடிக்குத்தானே கம்பெனி கேப் ஓட்டுகிறான், உன் ஆபீஸ் கேட்டில் வந்து கொடுப்பான். கூடவே அப்பா எழுதிய தாளும் இருக்கிறது, அசல்தான், ஜெராக்ஸ் இல்லை. பத்திரமாகக் கொண்டுவா. அடுத்த வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்குப் போசரி பதிவு அலுவலகத்தில் டோக்கன் வாங்கியிருக்கிறது. பத்திரத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், ஆதார் கார்டோடு. ஒருத்தி விட்டலின் அண்ணி, வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். இன்னொரு சாட்சிக்கு ஆள் இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம், ஆபீஸ் வாசலிலேயே காசுக்குச் சாட்சி நிற்கும் ஆட்கள் உண்டு, கூப்பிட்டால் வருவார்கள் என்று வக்கீல் சொன்னாள். வேண்டாம் என்றேன். வரைவில் முதல் சாட்சியின் இடத்தில் உன் பேரை எழுதச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு என் ஆமாம் என்ற பதிலைக் கேட்டவன் நீ ஒருத்தன்தான். நான் அதை மாற்றிச் சொல்லும்போதும் நீ பக்கத்தில் இருக்க வேண்டும்.

பேனாவை நான் கொண்டுவருகிறேன்.

அம்மா